இரும்புக்கு உணர்வில்லை: மூளை அறுவை தியேட்டருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

எங்கள் பெங்களூர் ஜோகுபாளையத்தில் நர்சிங்கும் ஓ.டி. டெக்னாலஜியும் படித்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். நியூரோ தியேட்டரில் டியூட்டி போட்டதும் அவர்கள் என்னிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, அந்த ரிட்ராக்டர் செட்டை எப்படி மாட்டுவது?" வயிறு, எலும்பு அறுவைகளில் நின்று பழகியவர்களைக்கூட, மூளையை விலக்கிப் பிடிக்கும் அந்தக் கருவியின் கம்பியும் கையும் திருகும் நிறைந்த டிரே மிரள வைக்கிறது. நியூரோ தியேட்டரில் ஸ்க்ரப் நர்ஸாக நின்றே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். அந்த உரிமையில், அவரவருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். உங்கள் மருத்துவமனையின் நடைமுறை, கருவியோடு வந்த கையேடு, சர்ஜனின் சொல் ஆகியவையே முதலில். நான் சொல்வதை அவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மூளையைப் பாருங்கள்.

டிரேயில் உள்ள சாமான்களின் பெயரை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே நியூரோபதாலஜித் துறையின் மூளை அருங்காட்சியகத்தைப் பொதுமக்களும் பார்க்கலாம். பதப்படுத்திய மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கவும் விடுகிறார்கள். ஏந்தும்போது ஒன்றை மறக்காதீர்கள்: ஃபார்மலினில் ஊறிய மூளை கெட்டிப்பட்டது. உயிருள்ள மூளை இளநீரின் முற்றாத வழுக்கை அளவுக்கு இளகலானது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூச்சுக்கும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஒரு தகட்டை வைக்கப் போகிறோம் என்பது மனதில் நன்றாகப் பதிந்த பிறகு டிரேயைத் திறங்கள்.

2. இந்தக் கருவி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நரம்பியல் அறுவையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரில் 1958-இல் டாக்டர் மார்த்தாண்ட வர்மா அந்தத் துறையைக் கட்டியெழுப்பத் தொடங்கியபோது, அவர் பணிபுரிந்த இடத்தின் பெயர் அகில இந்திய மனநல நிறுவனம். 1974-இல்தான் அது நிம்ஹான்ஸ் ஆனது. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் மூளையை விலக்கிப் பிடித்தது பெரும்பாலும் உதவி டாக்டரின் கையில் இருந்த தட்டையான தகடு. அவர் மணிக்கணக்கில் அசையாமல் பிடித்து நிற்க வேண்டும்.

1960-களின் பிற்பாதியில் சூரிச்சில் பேராசிரியர் யாசர்கில் மைக்ரோஸ்கோப் வழியாகச் செய்யும் மூளை அறுவையை வளர்த்தெடுத்தார். லென்ஸுக்கு அடியில் கையின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரிந்தது. தானாகவே பிடித்து நிற்கும் கருவி தேவைப்பட்டது. அவர் வடிவமைத்த வளையும் கைக்குத் தம் மகள் லெய்லாவின் பெயரை வைத்தார். ஜப்பானில் சுகிதா தலைப்பிடியோடு சேர்ந்த சட்டம் ஒன்றைச் செய்தார். 1981-இல் கிரீன்பெர்க் தம் முறையை வெளியிட்டார். இன்று உங்கள் டிரேயில் இருப்பது இவற்றில் ஒன்றோ, இவற்றின் வழியில் வந்ததோதான்.

இந்த வரலாற்றில் நமக்கான பாடம் இது: மனிதக் கை களைக்கும், ஆனால் மூளை இறுகுவதையும் தளர்வதையும் உணரும். இரும்புக் கை களைக்காது, உணரவும் செய்யாது. அதற்குப் பதிலாக உணர வேண்டியவர்கள் மேசையைச் சுற்றி நிற்கிற நாம்.

3. இடத்தை உண்டாக்குவது ரிட்ராக்டர் அல்ல.

புதிதாக வருகிறவர்கள் மனதில் முதலில் பதிய வேண்டியது இது. தகடு மூளையைத் தள்ளி இடம் செய்யக் கூடாது. ஏற்கெனவே கிடைத்த இடம் மூடிவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. இடத்தைத் தருவது வேறு பல காரியங்கள். தலை இதயத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து முறுகி ரத்தக்குழாய் நசுங்காமல் இருக்க வேண்டும். அனஸ்தீசியா டாக்டர் கார்பன் டை ஆக்சைடின் அளவைக் கவனித்து வர வேண்டும். மானிட்டால் நேரத்தோடு ஏற வேண்டும். கடைசியாக, மூளையைச் சுற்றியுள்ள நீரைச் சர்ஜன் பொறுமையாக வடியவிட வேண்டும். நீர் வடிந்தால் மூளை தானே தாழும். அந்தப் பள்ளத்தில் தகடு சும்மா உட்கார்ந்தால் போதும்.

மானிட்டால் கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம் வரை என்று டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்வார். நம் பங்கு, பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. 20 சதவீத மானிட்டால் குளிரில் படிகம் கட்டும். மார்கழிக் காலையிலும் ஏ.சி. அறையிலும் இது சகஜம். படிகம் தெரிந்தால் அப்படியே ஏற்றக் கூடாது, உடனே சொல்லுங்கள். சிறுநீர் நிறையப் பிரியும் என்பதால் கதீட்டர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. முந்தின நாளே லிஸ்டைப் படியுங்கள்.

எந்தப் பக்கம், எந்த இடத்துக் கட்டி, நோயாளி மல்லாந்து படுக்கிறாரா, பக்கவாட்டிலா, குப்புறவா என்று தெரியாமல் ரிட்ராக்டரை மாட்ட முடியாது. கம்பி எந்தப் பக்கம் வரும், கை எத்தனை வேண்டும், மைக்ரோஸ்கோப் எங்கே நிற்கும் என்பதெல்லாம் படுக்கையின் நிலையைப் பொறுத்தது. ஸ்கேன் படம் மாட்டியிருந்தால் சர்ஜனிடம் கேளுங்கள். கேட்பதை எந்த நல்ல சர்ஜனும் குறையாக நினைக்க மாட்டார். "இந்த கேஸுக்கு எந்த பிளேடு, எத்தனை கை?" என்ற ஒரு கேள்வி மறுநாள் பதினைந்து நிமிடப் பதற்றத்தைத் தவிர்க்கும். உங்கள் தியேட்டரில் இரண்டு கம்பெனி செட் இருந்தால் ஒன்றின் திருகு மற்றொன்றுக்குச் சேராது. இரண்டையும் ஒரே டிரேயில் கலக்காதீர்கள்.

5. தலைப்பிடியே அஸ்திவாரம்.

ரிட்ராக்டர் முழுவதும் தலைப்பிடியை நம்பித்தான் நிற்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் மேஃபீல்டு வகைதான். ஒரு பக்கம் ஒரு பின், எதிர்ப்பக்கம் இரண்டு பின்கள். பின்கள் ஸ்டெரைலாக இருக்க வேண்டும், முனை மழுங்கியிருக்கக் கூடாது. மண்டையோட்டில் குத்துவது சர்ஜனின் வேலை. பொட்டெலும்பு மெல்லியது, நெற்றிக்குள் காற்றறை இருக்கிறது, சிலருக்கு ஷண்ட் குழாய் ஓடும். இந்த இடங்களை அவர் தவிர்ப்பார். பெரியவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 80 பவுண்டு அழுத்தம் வைப்பார்கள். அளவுகோலின் ஒவ்வொரு கோடும் 20 பவுண்டு. கோட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள், சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பின் எலும்பில் உட்காரும்போது அளவு இறங்குவது உண்டு.

பின் குத்தும் முன் அனஸ்தீசியா டாக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அவர் முன்கூட்டியே மருந்து கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு பூட்டுகள். தலையைப் பிடிக்கும் கவ்வி, திரும்பும் மூட்டு, மேசையோடு சேரும் அடிப்பகுதி என்று வரிசையாகப் பாருங்கள். நட்சத்திரப் பல் உள்ள மூட்டுகளில் பல்லோடு பல் முழுதாகப் பொருந்தியிருக்க வேண்டும். பாதிப் பொருத்தத்தில் இறுக்கினால் அப்போதைக்கு நிற்கும், நடு அறுவையில் வழுக்கும். எல்லாம் பூட்டிய பிறகு ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும்.

சின்னக் குழந்தைகளின் மண்டையோடு மெல்லியது. அவர்களுக்குப் பெரும்பாலும் பின் போடாமல், குதிரைலாட வடிவத் தலைத்தாங்கியில் வைப்பார்கள். பின் போட வேண்டிய வயதென்றாலும் அழுத்தம் பெரியவர்களுக்கு வைப்பதைவிட மிகக் குறைவு. அந்த எண்ணைச் சர்ஜன் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள்.

6. தலை எதில் நிற்கிறதோ, ரிட்ராக்டரும் அதிலேயே நிற்கட்டும்.

தலை ஒன்றிலும் தகடு வேறொன்றிலும் நின்றால் ஆபத்து. தலை பின்னில் பூட்டப்படாமல் தாங்கியில் மட்டும் இருந்து, ரிட்ராக்டரை மேசைக் கம்பியில் கட்டினால், நோயாளி ஒருமுறை இருமினாலும் தலை நகரும், தகடு நகராது. அந்த இடைவெளி அளவுக்குத் தகடு மூளைக்குள் இறங்கும். அதனால்தான் தலைப்பிடியோடோ மண்டையோட்டு எலும்போடோ சேரும் முறைகளைச் சர்ஜன்கள் விரும்புகிறார்கள். மாட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் உங்களையே கேளுங்கள்: தலை நகர்ந்தால் இதுவும் கூடவே நகருமா?

7. துணிக்கு மேலே எது, கீழே எது என்று தெளிவாக இருங்கள்.

தலைப்பிடி டிரேப்புக்குக் கீழே போய்விடும், அது ஸ்டெரைல் அல்ல. ரிட்ராக்டரின் கவ்வியும் கம்பியும் கைகளும் ஸ்டெரைல். இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் தவறு நடக்கும். கவ்வி எங்கே உட்காரப் போகிறது என்பதை டிரேப் விரிக்கும் முன்பே கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். துணி அங்கே மடிந்து திரளாமல் ஒரே அடுக்காக வந்தால்தான் கவ்வி கெட்டியாகப் பிடிக்கும். மாட்டும்போது துணி கிழிந்ததாகச் சந்தேகம் வந்தாலே சொல்லிவிடுங்கள். மேலே இன்னொரு ஸ்டெரைல் துணி போட ஒரு நிமிடம் போதும்.

8. வளையும் கையை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

நாங்கள் 'ஸ்நேக்' என்று சொல்கிற அந்தக் கை, கோத்த உருண்டைகளும் அவற்றின் நடுவே ஓடும் எஃகு வடமும்தான். கைப்பிடியைத் திருகினால் வடம் இழுபட்டு உருண்டைகள் இறுகி, கை விறைக்கும். வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும், ஒரு உருண்டை தேய்ந்திருந்தாலும், பார்வைக்கு நன்றாக இருக்கும் கை அரை மணி நேரத்தில் மெல்லத் தொங்கும். மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் சர்ஜன் அந்த மெல்லிய தொங்கலை உடனே கவனிக்காமல் போகலாம்.

அதனால் தோல் கிழிக்கும் முன்பே டேபிளில் வைத்துச் சோதியுங்கள். முழுதாகத் தளர்த்துங்கள், வளையுங்கள், இறுக்குங்கள், முனையை விரலால் அழுத்துங்கள். தாழ்ந்தால் அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்து, 'ரிப்பேர்' என்று சீட்டுக் கட்டுங்கள். "இன்றைக்கு ஒருநாள் ஓட்டிவிடலாம்" என்ற பேச்சு நியூரோ தியேட்டரில் வேண்டாம். மாற்றுக் கை ஒன்று ஸ்டெரைல் பாக்கெட்டில் எப்போதும் இருக்கட்டும்.

9. பிளேடைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

தகடுகள் வளையக்கூடியவை, ஓரிரு மில்லிமீட்டர் அகலத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் வரும். ஒரே விசையை ஒடுங்கிய தகட்டில் கொடுத்தால் அது சின்ன இடத்தில் குவியும், அகன்ற தகட்டில் பரவும். அதற்காக அகலமானதெல்லாம் நல்லது என்று எண்ண வேண்டாம். மூளையின் வளைவுக்குத் தகட்டின் வளைவு ஒத்துப்போகாவிட்டால் அதன் விளிம்பு மட்டும் பதிந்து வெட்டும். அடுத்தடுத்த மூன்று அளவுகளை வரிசையாக எடுத்து வையுங்கள்.

விளிம்பில் கையுறை விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்போ பிசிறோ இருந்தால் அது வேண்டாம். ஒரே இடத்தில் பலமுறை வளைந்து நிமிர்ந்த தகடு அங்கே பலவீனமாகியிருக்கும். பளபளவென்று மின்னும் தகடும் வேண்டாம். மைக்ரோஸ்கோப் வெளிச்சம் பட்டுத் திரும்பிச் சர்ஜனின் கண்ணைக் கூசவைக்கும். மங்கலான மேற்பூச்சு உள்ளதே ஏற்றது.

10. உலோகம் நேராக மூளையில் படக் கூடாது.

தகட்டுக்கும் மூளைக்கும் நடுவே நனைந்த பேட்டி, அதாவது சின்னப் பஞ்சுத் துண்டு, இருக்கும். நனைந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். காய்ந்த பஞ்சு மூளையில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது மெல்லிய ரத்தக்குழாயை இழுக்கும். தகட்டையும் சலைனில் நனைத்துக் கொடுங்கள். மணிக்கணக்கில் நீளும் அறுவையில் விளக்குச் சூட்டிலேயே பேட்டி காயும். சலைன் விடச் சொல்லி நினைவூட்டுவது நம் வேலை.

ஒவ்வொரு பேட்டிக்கும் நூல் வால் உண்டு, எக்ஸ்ரேயில் தெரியும் கோடும் உண்டு. வால்கள் ஒரே பக்கமாக வெளியே கிடக்கட்டும், சக்ஷனில் சிக்காமல் இருக்கட்டும். தொடங்கும் முன், டூரா மூடும் முன், தோல் மூடும் முன் எண்ணுங்கள். ரிட்ராக்டரின் சின்னத் திருகுகளையும் அதே கணக்கில் சேருங்கள். தகட்டுக்கு அடியில் போன பேட்டிதான் எளிதில் மறைந்துபோகும்.

11. கைகளின் பாதையை முன்கூட்டியே யோசியுங்கள்.

கம்பியும் கையும் தலையை ஒட்டித் தாழ்வாக வளைந்து வர வேண்டும். உயரமாக நின்றால் சர்ஜனின் முழங்கை இடிக்கும், மைக்ரோஸ்கோப் இறங்கும்போது முட்டும். வெளியே தெரியும் ஒரு சின்ன இடி, மூளைக்குள் இருக்கும் முனையில் பெரிய அசைவு. நீங்கள் சாமான் நீட்டும் பக்கத்தைக் காலியாக விடுங்கள். பைபோலார் வயர், சக்ஷன் டியூப் எதுவும் ரிட்ராக்டர் கையில் சுற்றிவரக் கூடாது. எல்லாம் மாட்டிய பிறகு, டூரா திறப்பதற்கு முன், மைக்ரோஸ்கோப்பை ஒருமுறை வேலை நிலைக்குக் கொண்டுவந்து முட்டாமல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

12. இறுக்கும்போது முனை அசையும் என்பதை மறக்காதீர்கள்.

தளர்ந்த கையைத் திருகி இறுக்கும்போது உருண்டைகள் ஒழுங்குக்கு வரும், முனை சற்றே துள்ளும். தகடு மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அந்தத் துள்ளல் வரக் கூடாது. ஆகவே கையை வெளியிலேயே வளைத்து, தேவையான உருவத்துக்குக் கொண்டுவந்து, பெரும்பகுதி இறுக்கத்தை அங்கேயே முடியுங்கள். தகட்டைச் சர்ஜன் தன் கையால் வழிநடத்தி, கண்ணுக்கு முனை தெரிய, உள்ளே கொண்டுபோவார். கடைசி இறுக்கத்தை அவரோ, அவர் சொன்னபடி உதவி டாக்டரோ செய்வார். அவர் சொல்லாமல் நீங்கள் எந்தத் திருகையும் தொடாதீர்கள். "கொஞ்சம் லூஸாகத் தெரிகிறது" என்று நல்லெண்ணத்தில் திருப்பிய அரைத் திருப்பும் தீங்காகலாம்.

13. கடிகாரம் உங்கள் பொறுப்பு.

தகடு அழுத்தும் இடத்தில் சின்னஞ்சிறு ரத்தக்குழாய்கள் நசுங்கும். ரத்தம் குறைந்தால் அந்தத் துண்டு மூளை பட்டினி கிடக்கும், வீங்கும், நீண்டுபோனால் சாகும். அழுத்தம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்துதான் கேட்டைத் தீர்மானிக்கின்றன. ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் அதே தகடு இன்னும் அதிகம் கெடுக்கும். 1993-இல் ஆண்ட்ரூஸும் பிரிங்காஸும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மண்டையோட்டு அடித்தளப் பெரிய அறுவைகளில் சுமார் 10 சதவீதத்திலும், மூளை ரத்தக்குழாய் வீக்க அறுவைகளில் சுமார் 5 சதவீதத்திலும் ரிட்ராக்டரால் காயம் நேர்வதாக மதிப்பிட்டது.

அந்தக் காயம் தியேட்டருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் வார்டில், பேச வராத வாயாகவும், தூக்க முடியாத கையாகவும், வலிப்பாகவும் தெரியும். ஆகவே தகடு வைத்த நேரத்தைச் சர்க்குலேட்டிங் நர்ஸ் போர்டில் எழுதட்டும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்று சர்ஜனிடம் முன்பே கேட்டுவையுங்கள். நேரம் வந்ததும் தயங்காமல் நிதானமான குரலில் சொல்லுங்கள்: "சார், ரிட்ராக்டர் வைத்துப் பத்து நிமிடம்." மைக்ரோஸ்கோப்புக்குள் மூழ்கியவருக்கு நேரம் தெரியாது. நேரத்தைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அந்த மேசையில் நமக்கு இருக்கிற முக்கியமான வேலைகளில் அது ஒன்று.

14. தகடு உள்ளே இருக்கும்போது மேசை அசையக் கூடாது.

மேசையை ஏற்றுவது, சாய்ப்பது, தலைப்பிடியைத் திருப்புவது எதுவானாலும் முதலில் தகடு வெளியே வர வேண்டும். நோயாளி அசைந்தாலும் இருமினாலும் அனஸ்தீசியா டாக்டர் உடனே குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு முதல் பதில் தகட்டை எடுப்பதே. யார் எடுப்பது என்பதை டைம் அவுட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சர்ஜன் மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்தாலும், படம் பார்க்கப் போனாலும், "தகட்டை எடுத்துவிடலாமா சார்?" என்று கேளுங்கள். யாரும் பார்க்காதபோது மூளையில் தகடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

15. கழற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு.

சலைன் விட்டு, பேட்டியை நனைத்து, சர்ஜனின் கண் முன்னே தகடு முதலில் வெளியே வரும். அதற்கு முன் கையின் திருகைத் தளர்த்தினால் கை தன் எடையோடு உள்ளே விழும். தகடு வந்ததும் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தளர்த்தி அப்புறப்படுத்த வேண்டும், அதன்பின் கம்பி, அதன்பின் கவ்வி. தகடு இருந்த இடத்தில் ரத்தம் கசிகிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று சர்ஜன் பார்ப்பார். அப்போது அவசரப்படுத்தாமல் வெளிச்சமும் சலைனும் கொடுத்துக் காத்திருங்கள்.

16. கழுவுவதும் அறுவையின் பாகம்.

சலைனில் ஊறவிட்டால் எஃகு அரிபடும். எடுத்த உடனே சாதா நீரில் அலசி, காயவிடாமல் சி.எஸ்.எஸ்.டி.க்கு அனுப்புங்கள். வளையும் கையை முழுதாகத் தளர்த்தி, உருண்டைகளின் இடுக்கில் என்சைம் கரைசலும் பிரஷும் போக வேண்டும். ஆட்டோக்ளேவில் வைக்கும்போதும் தளர்ந்தே இருக்கட்டும். இறுகிய நிலையில் சூடேறினால் வடத்தின் ஆயுள் குறையும், நீராவி இடுக்குக்குள் போகாது.

ஒரு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். குருட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோயில் வரும் பிரியான் என்ற கெட்ட புரதம் சாதாரண ஸ்டெரிலைசேஷனுக்கு மசியாது. 1970-களில் சூரிச்சில் அந்த நோயாளி ஒருவருக்குப் பயன்பட்ட மூளை எலக்ட்ரோடுகளை ஆல்கஹாலும் ஃபார்மால்டிஹைடும் கொண்டு சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தினார்கள். இரண்டு இளம் நோயாளிகளுக்கு நோய் தொற்றியது. நம் நாட்டிலும் அந்த நோய் உண்டு, நிம்ஹான்ஸ் அதற்குப் பதிவேடே வைத்து ஆராய்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேகமாக மறதி முற்றி வரும் நோயாளிக்கு பயாப்ஸி என்று லிஸ்டில் பார்த்தால், கருவிகளை என்ன செய்வது என்று தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் அறுவைக்கு முன்பே கேளுங்கள்.

17. ரிட்ராக்டர் இல்லாத அறுவையையும் கற்றுக்கொள்ளுங்கள்.

2012-இல் அமெரிக்காவில் ஸ்பெட்ஸ்லரும் சனாயும், சிக்கலான ரத்தக்குழாய், மண்டையோட்டு அடித்தள அறுவைகளைக்கூட நிலையான ரிட்ராக்டர் இல்லாமலே பெரும்பாலும் செய்ய முடிகிறது என்று எழுதினார்கள். ஒரு கையில் சக்ஷன், மறு கையில் பைபோலார், இவையே தேவையான நொடிக்கு மட்டும் மூளையை மெல்ல ஒதுக்கும். ஆழத்தில் உள்ள கட்டிகளுக்குக் குழாய் வடிவ ரிட்ராக்டர் வந்திருக்கிறது. அது நரம்பிழைகளை வெட்டாமல் வட்டமாக விலக்கி, அழுத்தத்தைச் சுற்றிலும் சமமாகப் பரப்பும்.

"அப்படியானால் இந்த செட்டை ஏன் கற்க வேண்டும்?" என்று ஒரு தங்கை கேட்டாள். திட்டத்தில் இல்லாதபோது திடீரென்று தேவைப்படும் என்பதால்தான். ரத்தக்குழாய் வெடித்தால் சர்ஜனுக்கு இரண்டு கையும் வேண்டும், அந்த நொடியில் மூன்றாவது கை தயாராக இருக்க வேண்டும். ஏற்பாடு எப்போதும் முழுமையாக இருக்கட்டும், பயன்பாடு முடிந்தவரை குறைவாக இருக்கட்டும்.

18. நோயாளியை மறுநாள் போய்ப் பாருங்கள்.

தியேட்டரில் நமக்குத் தெரிவது டிரேப்புக்கு நடுவே உள்ளங்கை அளவு இடம். அந்த ஆளுக்கு முகம் உண்டு, பேர் உண்டு. ஓசூரிலிருந்தோ கோலாரிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். வார்டுக்குப் போய் அவர் பேசுகிறாரா, கையைத் தூக்குகிறாரா என்று பாருங்கள். அவர் மொழி தெரியாவிட்டாலும் தூக்கிய கை புரியும். நேற்றுப் போர்டில் எழுதிய நிமிடங்களுக்கு என்ன பொருள் என்று அங்கேதான் விளங்கும். அதைப் பார்த்தவர்கள் மறுபடி நேரம் சொல்லத் தயங்க மாட்டார்கள்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையில் பெயர் வராது. நீங்கள் சரியாகச் சோதித்த வளையும் கை தாழாமல் நின்றதால் ஒருவரின் பேச்சு தப்பியது என்று யாரும் எழுத மாட்டார்கள். இருந்தாலும் ஒவ்வொரு கேஸுக்கும் முதல் கேஸைப் போலவே சோதியுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள், ஆபத்து தெரிந்தால் சொல்லுங்கள், பயமாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு இதையெல்லாம் பக்கத்தில் நின்று பொறுமையாகக் கற்றுக்கொடுங்கள்.